கூரையில் போட்ட ஓட்டை

கொலராடோ, நவம்பர் 1879

அன்புள்ள அம்மாவுக்கு, ஆர்வின் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

இந்தக் குறுகிய பாதை ரயிலின் கடைசியில் வரும் கார்டு பெட்டிதான் என் வீடு. பழைய சரக்குப் பெட்டி. உள்ளேயிருந்து முன்னால் போகும் பெட்டிகள் தெரியாது. அதனால் கூரையில் ஓட்டை போட்டு, தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறேன். போன வாரம் மலை இறக்கத்தில் முன்னால் ஒரு பெட்டியின் அச்சு புகைவதைப் பார்த்து ரயிலை நிறுத்தினோம். யாருக்கும் ஒன்றுமில்லை.

ரயில் கம்பெனி அதிகாரிக்குத்தான் கோபம். "கம்பெனி கூரைய வெட்ட நீ யாருய்யா? அடைச்சிடு."

"கண்ண மூடிக்கிட்டு மலை இறங்கணுமா? நீங்க வந்து இறங்கிக் காட்டுங்க."

ஓட்டையை அடைக்கப் பலகை அனுப்பினார். அதை வைத்தே ஓட்டையைச் சுற்றிக் கூண்டு கட்டிவிட்டேன். ஜன்னல் கண்ணாடிதான் பாக்கி.

அதுவரை காதுக்குக் கம்பளிக் குல்லா பின்னி அனுப்பு. நாலு வரி எழுதியும் வை. இங்கே அடுப்போடுதான் பேசுகிறேன். விசில் ஊதிவிட்டது.

குல்லா பளிச்சென்று மஞ்சளாக இருக்கட்டும். ரயில் தூரத்தில் வரும்போதே அந்த அதிகாரி கண்ணில் படவேண்டும்.

ஆர்வின்