கிணற்றடிக் கல்

மார்ச் 4, செவ்வாய்

வெயில். ஆனையிறவுப் பக்கமிருந்து உப்புக் காற்று. கொடியில் போட்ட துணி ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தது.

வேலிக்கு அப்பால், ஒல்லாந்தர் கோட்டை மேட்டைத் தோண்டத் தொல்பொருள் திணைக்கள ஆட்கள் வந்துவிட்டார்கள். வன்னி எல்லையைக் காவல் காத்த சின்னக் கோட்டையாம். பொறுப்பு நிவேதா என்றொரு பெண். நகம் ஒழுங்காக வெட்டியிருக்கிறாள். அது ஒன்றுதான் நல்லது.

குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தாள். "கிணறு எப்ப வெட்டினது அம்மா?" தண்ணீருக்கு வந்தவளுக்கு அது எதற்கு?

எல்லைக்கு அடித்த சிவப்புப் பூசிய கட்டைகள் பதினொன்று. பன்னிரண்டாவது என் வேலியிலிருந்து மூன்றே அடி.

5, புதன்

பக்கத்து வளவுப் பரமேஸ் உழவு இயந்திரத்தை நிறுத்தி: "முதல் கட்டை அடிப்பினம் ரீச்சர். பிறகு பலகை. பிறகு உங்கட கிணத்துக்கு நீங்களே ரிக்கெற் எடுக்கவேணும்."

சிரிக்கிறான். காணி உறுதிப் பத்திரத்தை அலுமாரியிலிருந்து தலையணை உறைக்குள் மாற்றினேன்.

6, வியாழன்

நிவேதா, கையில் பழைய வரைபடம். "கோட்டை வாசலுக்கு மேல எழுத்து வெட்டின கல்லொண்டு இருந்தது. காணேல்லை. ஊருக்குள்ள ஆரும் எடுத்திருப்பினம்."

"இஞ்சை கள்ளர் இல்லை, பிள்ளை."

அவள் போன பிறகு, துணி தோய்க்கிற கல்லைப் பார்த்தபடி நின்றேன். போர் முடிந்து திரும்பக் குடியேறிய வருடம் என் கணவர் கொண்டுவந்தது. பரந்தனில் வாங்கினேன் என்றார். அவர் போய் ஆறு வருடம்.

7, வெள்ளி

காலை ஆறு. பரமேஸும் நானும் அலவாங்கு போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினோம். அடியில் எழுத்து. கன்னியர் மடப் பள்ளியில் பாடிய லத்தீன் போதும், வாசிக்க. முதற் சொல் 'அன்னோ'; 'ஆண்டில்' என்று அர்த்தம்.

என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

அது பிறகு. கல் இங்கே கிடந்தால் என் வளவும் கோட்டைதான் என்று எழுதிவிடுவார்கள். "திருப்பிப் போடு" என்றேன். அதற்குள் பரமேஸுக்குப் போன். வயலுக்கு வெட்டு மெசின் வந்துவிட்டதாம்.

"பின்னேரம் வந்து புரட்டுறன் ரீச்சர். அதுவரைக்கும் எழுத்துத் தெரியாமல் மேல துணியைப் போட்டுத் தோய்ச்சுக்கொண்டிருங்கோ."

தோய்த்தேன். போர்வை, துவாய்கள், நீலச் சீலை, மறுபடி நீலச் சீலை.

பதினொரு மணிக்கு நிவேதா, தண்ணீருக்கு வாளியுடன்.

"காலமையும் இந்தச் சீலைதானே தோய்ச்சனீங்கள்?"

"ஊத்தை போகேல்லை."

கல்லைப் பார்த்தாளா, தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள். "கை நோகும் அம்மா" என்றுவிட்டுப் போனாள்.

சீலையைத் தூக்கினேன். சவர்க்கார நுரை எழுத்துகளுக்குள் இறங்கி ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று. வேலியடியில் நின்றே வாசிக்கலாம்.

வாளியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எடுக்க வருவாள்.