மூன்று சைபரும் ஒரு தொண்ணூற்று நாலும்

அன்பு மகளுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. நலம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு மற்றதை ஆரம்பிப்பதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அந்தச் சொல்லைக் கடைசிக்கு எடுத்து வைத்திருக்கிறேன், அங்கே போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இது உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்று தபால் கவுண்டரில் சொல்கிறார்கள், அதற்குள் இதில் உள்ள சேதியெல்லாம் பழசாகி, முடிவை நானே ஃபோனில் சொல்லியிருப்பேன். அதனால் பதறாமல் உட்கார்ந்து படி. முதலிலேயே ஏன் ஃபோனில் சொல்லவில்லை என்று கோபம் வரும், வரட்டும். உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாக எல்லாம் நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிடுகிறது. பேனாவுக்கு அந்தத் திறமை கிடையாது, என் கையெழுத்தைச் சுமக்கவே அதற்குத் தெம்பு போதவில்லை. உன் அம்மாவின் ஃபோன் ரிப்பேரில் இருக்கிறது என்று முந்தாநாள் சொன்னேனே, அது ரிப்பேரில் இல்லை. அது அலமாரியில் இருக்கிறது. அம்மாதான் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

இதை மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்கால வெயில் டேங்கின் நிழலைத் தெரு முழுக்க நீட்டிப் படுக்க வைத்திருக்கிறது, அதை மிதிக்க ஒரு ஆள் இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. காலுக்கடியில் குழாயில் தண்ணீர் போகிற சத்தம் கேட்கிறது. வண்டிகள் ஓடிய நாளில் இது கேட்டதே இல்லை. பத்தொன்பது வருஷமாக நான் திறந்துவிட்ட தண்ணீர் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டே வீடு வீடாகப் போயிருக்கிறது போல, ஊர் வாயை மூடின பிறகுதான் அதன் பேச்சு எனக்கு எட்டுகிறது. சில நேரம் ஊரே தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது, நான் ஒருத்தன்தான் அதன் தரையில் மெதுவாக நடக்கிறேன் என்று தோன்றும். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாததாலும் இருக்கலாம், நீ உடனே திட்டாதே, இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மோட்டார் ரூம் கதவில் ஒரு கரும்பலகை மாட்டி வைத்தோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, தினமும் ஆறு மணிக்கு வார்டு ஆபீஸ் கிளார்க் ஃபோன் செய்து நம் வார்டில் இன்றைக்குப் புதிதாக எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை சாவு என்று சொல்வார், நான் அதைச் சாக்கட்டியால் எழுதுவேன். ஊரில் எத்தனையோ படித்தவர்கள் இருக்க இந்த வேலை எனக்கு வந்ததற்குக் காரணம் என் அறிவு இல்லை, பலகை மாட்ட ஆணி இங்கேதான் இருந்தது. ஆனால் நான் விடுவேனா. பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தாறு எடுத்தவன், பாஸ் மார்க்குக்கு மேலே ஒன்று, அந்த ஒரு மார்க்கின் கர்வம் இன்னும் தீரவில்லை. மாடியில் நின்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஏறுது, இறங்குது, அடுத்த வாரம் இப்படி இருக்கும் என்று வானிலை அறிக்கை மாதிரி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். முப்பதில் இருந்தது பதினெட்டாகி, பதினொன்றாகி, ஆறானது. பிறகு ஒரு வியாழக்கிழமை ஃபோன் வரவில்லை. நானும் இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை. இப்போது என் தொழில் புத்தியைக் கேள். எங்கள் லாக் புக்கில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது, இருந்தால் இன்ஜினியர் கத்துவார், மோட்டார் ஓடாத நாளில் சைபர் போட வேண்டும் என்பது சட்டம். பத்தொன்பது வருஷம் அப்படியே போட்டுப் போட்டு, காலியான இடத்தைக் கண்டாலே என் கை தானாக ஒரு வட்டம் வரையும். வரைந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் ஃபோன் இல்லை, சைபர். சனிக்கிழமையும் சைபர்.

தெருவே பூத்துவிட்டது போ. ஜன்னல்கள் திறந்தன. பால்காரர் அண்ணே, போர்டுக்குத் திருஷ்டி பட்டுடப் போவுது என்றார். நீ அன்றைக்கு ஃபோனில் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது, அப்பா மூணு நாளா சைபராப்பா, அம்மாகிட்ட குடுங்க என்று கத்தினாயே. அம்மா ஐந்து மாதமாக வாசற்படி தாண்டாதவள், அவள் நெஞ்சு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், குளிர்காலத்தில் ஜன்னல் திறந்தாலே இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவாரிக்கொண்டு, மூணு நாள் சைபர்னு நீங்கதானே எழுதினீங்க, தம்பி குழந்தையைப் பார்த்துட்டு வந்திடறேன், பிறந்து நாப்பது நாளாச்சு, அத்தை முகத்தையே அது பார்க்கலை என்றாள். மூன்று தெரு தள்ளி உன் சின்ன மாமா வீடு. நானே குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஃபோன் வந்தது. ஐம்பத்தேழு. எனக்கு ஒன்றும் புரியவில்லை, எங்கேயிருந்துப்பா வந்தது இத்தனையும் என்றேன். கிளார்க் சொன்னார், எங்கேயிருந்தும் வரலை அண்ணே, இங்கேயேதான் இருந்துச்சு, டெஸ்ட் எடுக்கிற கூடாரத்தில ரெண்டு நர்ஸுக்குமே வந்துடுச்சு, மூணு நாளா கூடாரம் பூட்டு, எண்ணுறதுக்கு ஆளில்லை, நானும் டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டில இருந்தேன். எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், சார், இல்லைங்கறது வேற, தெரியலைங்கறது வேற, ரெண்டுக்கும் ஒரே வட்டமா போடுவாங்க என்று கேட்டார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு சைபர் அண்ணன் என்று பெயர். நியாயமான பட்டம், நான் அப்பீல் செய்யவில்லை.

வியாழக்கிழமை அம்மாவுக்கு இருமல். வெள்ளிக்கிழமை கூடாரத்துக்குப் போய் வந்தோம். சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளார்க் பதினாலு என்றார், நான் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒன்று எழுதினேன், நாலு எழுதுவதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி, அண்ணே, அதில ஒண்ணு உங்க வீடு என்றார். கை அப்படியே நின்றது. பலகையில் வெறும் ஒன்று. அந்த வழியாகப் போன பால்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஒண்ணுதானா அண்ணே, சூப்பர் என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அந்த நேரத்தில் எனக்கும் அந்த ஒன்றுதான் தெரிந்தது. நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் ஆபத்து, தொண்ணூற்றெட்டு பேர் பிழைக்கிறார்கள் என்று நீ படித்துச் சொல்வாயே, நூறு பேர் இருக்கிற இடத்தில் அது நல்ல கணக்கு, நம் வீட்டில் நூறு பேர் இல்லையம்மா.

பின் அறையில் அம்மா, முன் அறையில் நான், நடுவில் சாத்தின கதவு, ஸ்டூலில் தட்டு. எனக்கும் டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. வைரஸும் ஆள் பார்த்துத்தான் வரும் போல என்று கதவுக்குப் பின்னாலிருந்து கமெண்ட். தண்ணீர் திறக்க வேறு ஆள் இல்லாததால், யார் பக்கமும் போகாமல் டேங்குக்கும் வீட்டுக்கும் மட்டும் போய் வா என்று இன்ஜினியர் அனுமதி கொடுத்தார். அந்த வாரம் தொற்று இறங்கிக்கொண்டே வந்தது, சாவு மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது. மாடிகளில் இருந்து சத்தம் போட்டார்கள், சைபர் அண்ணே, நோய் குறையுதுங்கறீங்க, சாவு கூடுது, எது பொய் என்று. எனக்கு என் வால்வுதான் ஞாபகம் வந்தது. நான் இங்கே வால்வை மூடினாலும் கடைசித் தெருக் குழாயில் நாற்பது நிமிஷம் தண்ணீர் வரும், அது ஏற்கனவே குழாயில் இறங்கிவிட்ட தண்ணீர், இன்றைக்குச் சாகிறவர்கள் மூன்று வாரம் முன்னால் நோய் வாங்கினவர்கள், வால்வு மூடியாச்சு, குழாயில் இருக்கிறது வந்துதான் தீரும் என்றேன். டீச்சர் கைதட்டி, உங்களுக்கு முப்பத்தாறு போட்டவரைக் கூட்டிட்டு வாங்க சார் என்றார். மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதித் தெருவில்தான் அது எனக்கே உறைத்தது. குழாயில் இறங்கிவிட்ட தண்ணீரில் உன் அம்மா இருக்கிறாள். அதற்குப் பிறகு வீடு எப்படி வந்து சேர்ந்தேன் என்று ஞாபகமில்லை, தெருவில் வெயில் மட்டும் ரொம்ப வெள்ளையாக இருந்தது.

விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி ஒன்று டாக்டர் கொடுத்திருந்தார், தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே சொல்ல வேண்டும். மணிக்கொரு தடவை நான் கதவைத் தட்டுவேன், அம்மா தொண்ணூத்தி நாலு என்பாள், குறித்துக்கொள்வேன். எட்டாம் நாள் காலையிலிருந்து தொண்ணூத்தி நாலு, மத்தியானம் தொண்ணூத்தி நாலு, ஒரு மணிக்கும் அதே தொண்ணூத்தி நாலு. நிம்மதியாகத்தான் இருந்தேன். சும்மா இருந்த நேரத்தில் குறித்த தாளைப் புரட்டினேன். ஒரே நம்பர், வரிசையாக, சுவரில் ஆணி அடித்த மாதிரி. அம்மாடி, உன் அப்பன் யோக்கியன் இல்லை என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அடைமழை நாட்களில் டேங்க் ஏணியில் ஏறிப் பார்க்கச் சோம்பேறித்தனப்பட்டு, வீட்டில் உட்கார்ந்தே லாக் புக்கில் நேற்றைய அளவை இன்றைக்கும் எழுதினவன் நான். நிஜமாக அளந்தால் அளவு ஆடும், அரை அடி கூடும், கால் அடி குறையும். ஆடாத நம்பர் என்றால் அளந்தவன் ஏணியில் ஏறவில்லை என்று அர்த்தம். எந்த இன்ஜினியரும் இதைக் கண்டுபிடித்ததில்லை, செய்தவனுக்குத்தான் தெரியும். தட்டாமல் கதவைத் திறந்தேன். அம்மா சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்தாள், கருவி விரலில், எண்பத்தெட்டு. ஏன்டி இப்படிச் செஞ்சே என்றதற்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, உங்களுக்கு ஸ்டவ்கூடப் பத்தவைக்கத் தெரியாதே என்று மூச்சை எண்ணி எண்ணிச் சொன்னாள்.

வண்டி வந்தது. தலை முதல் கால் வரை மூடின இரண்டு பேர், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை, சத்தமே இல்லாமல் அவளைத் தூக்கி வைத்தார்கள். கருவியைக் கழற்ற எல்லோரும் மறந்துவிட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கையை அசைத்தபோது விரல் நுனியில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, ஆளில்லாத தெருவில், பட்டப்பகலில், அது ஆடி ஆடித் தூரமாகப் போனது. அன்றைக்கு வால்வைத் திறந்தேனா, மூடினேனா, எனக்குத் தெரியாது. லாக் புக்கில் அந்தக் கட்டம் காலி. சைபர் போடவில்லை. இன்ஜினியர் கேட்டபோது, தெரியாது சார், அதனால எழுதலை என்றேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பலகையிலும் அப்படித்தான், ஃபோன் வராவிட்டால் தெரியாது என்று எழுதுகிறேன். இப்போது ஆறு மணி ஆகப்போகிறது, இன்றைக்கு மூன்றாம் நாள், கிளார்க் சாவு எத்தனை என்று சொல்லும் முன் ஒரு மூச்சு விடுவார், அந்த மூச்சுக்குள்தான் நான் இந்த மூன்று நாளும் குடியிருக்கிறேன். பேனாவை மூடுகிறேன்.

மறுபடி அப்பாதான். நடுவில் ஆறு நாள் ஓடிவிட்டது, மை வேறு நிறமாக இருந்தால் காரணம் அதுதான். நேற்று அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள், நாலு அடி நடந்தால் உட்காருகிறாள், ஆனால் வந்தவுடன் சமையலறையைப் பார்த்துவிட்டு இங்கே என்ன கலவரமா நடந்தது என்று கேட்டாள், அப்போதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. கருவியில் தொண்ணூற்றாறு, கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றைந்து, மறுபடி தொண்ணூற்றேழு, ஆடுகிறது, அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே காலையை ஓட்டினேன். மாமா வீட்டில் மாமாவுக்கு இரண்டு நாள் வாசனை தெரியாமல் இருந்து சரியாகிவிட்டது, குழந்தைக்கு ஒன்றுமில்லை. என்னைப் போர்டில ஏத்தினீங்களே, இறக்கினீங்களா என்று அம்மா கேட்டாள். யோசித்துப் பார்த்தால் குணமானவர்கள் என்று ஒரு கணக்கு கிளார்க்கிடம் இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நேற்று மூன்றாவதாக அந்த வரியும் எழுதினேன், இருபத்தாறு. பால்காரர் பார்த்துவிட்டு, ஐயோ, மறுபடி கூடிடுச்சா என்று தலையில் கை வைத்தார். யோவ், இது கூடலாம்யா என்று சொல்லிப் புரியவைத்தேன்.

டிக்கெட் போட்டு ஓடி வருகிறேன் என்று கிளம்பாதே, இங்கே நம்பர் குறைந்திருக்கிறது என்பதை நம்பியும் வராதே, கூடாரம் திறந்திருக்கிறதா, எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்து எத்தனை வந்தது என்று கேட்டுக்கொண்டு நாமே சேர்ந்து ஒரு நாள் குறிப்போம். இன்னும் ஒன்று, அதற்காகத்தான் மூன்று வாரம் ஆகிற இந்தக் காகிதத்தை எடுத்தேன். ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் எப்படிம்மா இருக்கே என்று கேட்கிறேன், நீ நல்லா இருக்கேன்ப்பா என்கிறாய். ஒரே சொல், ஒரே குரல், ஒரே வேகம். நான் உனக்குச் சொன்னதும் அப்படித்தான், அம்மா எனக்குச் சொன்னதும் அப்படித்தான். ஆடாத நம்பரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று மேலே எழுதிவிட்டேன், இனி நீ தப்பிக்க முடியாது. தூக்கம் வருகிறதா, வேலை இருக்கிறதா, மாப்பிள்ளையோடு சண்டையா, தனியாக அழுகிறாயா, எதுவானாலும் அளந்து சொல். குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. தெரியாது என்று சொன்னாலும் சரிதான், அதற்கு நான் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் மூச்சும் முகமும் தெளிவாக நீடூழி இருக்க வேண்டும், அம்மா படுக்கையில் இருந்தபடியே இரண்டு கையாலும் ஆசீர்வாதம் அனுப்புகிறாள், ஒரு கையில் கருவி. மூக்கையும் சேர்த்து மாஸ்க் போடு, தாடைக்கு அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடிப்பேன், அதே கேள்விதான் கேட்பேன். ஆரம்பத்தில் எடுத்து வைத்த சொல்லை இப்போது எழுதுகிறேன், இன்றைய தேதிக்கு மட்டும்: நலம்.

இப்படிக்கு,
தெருவுக்கு சைபர் அண்ணன்,
உனக்கு என்றும் அப்பா.