போட்டிக்குப் போன போர்வையில் உங்கள் தையல்

அக்கா,

போர்வையை மதுரையில் ஒப்படைத்துவிட்டு மத்தியானம்தான் வீடு திரும்பினேன். இஸ்திரி போட்ட மேஜை போட்டபடியே கிடக்கிறது. அதில் விரித்திருந்த துணியை மடிக்க எடுத்தால் உங்கள் தைல வாசனை. நீங்கள் முழங்காலில் தேய்த்துக்கொள்வீர்களே, அந்தப் பச்சைத் தைலம். நீங்கள் மாடிப்படி இறங்குவதற்கு முன்பே அது இறங்கி வந்துவிடும். நானும் அடுப்படியில் இருப்பதை எல்லாம் மூடி வைத்துவிடுவேன். நீங்கள் போய்ச் சேர்ந்து, வருகிற ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. என் பீரோவில் பூட்டி வைத்த போர்வைக்குள் உங்கள் வாசனை எப்படிப் புகுந்தது என்று போன வாரம் முழுக்க நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

மதுரையில் பெண்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு கைத்தையல் கண்காட்சி நடத்துகிறார்கள். அதில் ஒட்டுப்போர்வைக்கு ஒரு போட்டி. அவர்கள் குயில்ட் என்கிறார்கள். பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, அடியில் வேட்டித்துணி கொடுத்து, நாம் பிள்ளைகளுக்கு விரித்த அதே சங்கதிதான். தனியாள் பிரிவு ஒன்று, இருவர் பிரிவு ஒன்று. தனியாள் என்றால் முழுத் தையலும் ஒரே கையாக இருக்க வேண்டும். போர்வையைப் புரட்டிப்போட்டு அடித்தையலைப் பார்ப்பார்களாம். ஈரத்துணியால் தேய்த்து, சாயம் போகிறதா என்றும் பார்ப்பார்களாம்.

எனக்கு வேண்டியது தனியாள் பிரிவு. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சின்னவள். பால்காரருக்குக் கீழ்வீட்டம்மா. கல்யாணப் பத்திரிகைகளில் என் வீட்டுக்காரர் பெயரும் அதன் பின்னால் 'குடும்பத்தினர்' என்பதும்தான் வரும், அந்தக் குடும்பத்தினரில் ஒருத்தி நான். ஒரு துணிக்குக் கீழே அட்டையில் என் பெயர் மட்டும் இருக்க வேண்டும், நாலு பேர் குனிந்து அதை வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால்தான் உங்களை இதில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நீங்கள் மூத்த மருமகள், உங்கள் பெயர்தான் முதலில் வந்திருக்கும். நான் தைத்தது எல்லாம் கூடமாட உதவியது என்று ஆகியிருக்கும். அதை நீங்களே ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள்.

போர்வையின் நடுவில் எதை வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மாமியாரின் சிவப்புச் சுங்குடி. அவர் பெட்டியில் சிவப்பு இரண்டு இருந்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஒன்று, துணியை நகத்தால் கிள்ளி எடுத்து ஒவ்வொரு புள்ளியாக நூலால் முடிந்து சாயத்தில் நனைத்தது. இன்னொன்று, அதே மாதிரி தெரியும்படி அச்சில் போட்டது. மடித்து வைத்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சேலைகளைப் பிரித்தபோது நீங்கள் இரண்டையும் பாயில் வைத்தீர்கள்.

"ரெண்டும் ஒண்ணுதேன். கண்ண மூடிட்டு ஒண்ண எடுத்துக்கத்தா. அப்பறம் அக்கா ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாதுல்ல" என்றீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். விரித்துப் பார்த்தால் அச்சுச் சேலை. நூலால் முடிந்த சேலை உங்களிடம் போய்விட்டது. நான் வலது கைக்காரி, வலப்பக்கம் இருப்பதைத்தான் எடுப்பேன் என்பது தெரிந்தே அதை அங்கே வைத்தீர்கள் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். நீங்கள் சின்னாளபட்டிக்காரர். முடிந்ததா அச்சா என்று விரலால் தடவினாலே சொல்லிவிடுவீர்கள். நான் வேடசந்தூரில் நூல் மில் பஸ்ஸைப் பார்த்து வளர்ந்தவள், எனக்கு என்ன தெரியும்? அதற்குப் பிறகு நீங்கள் கொடுத்த குழம்பைக்கூட ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் பரிமாறினேன். உங்கள் புளி டப்பா குறைந்ததற்கு என்னைச் சாடையாகப் பேசினீர்களே, அதையும் நான் மறக்கவில்லை. இது வேறு கணக்கு.

அந்த அச்சுச் சேலையின் முந்தானையை வெட்டி, வெள்ளைத்துணியின் நடுவில் சதுரமாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் துவைத்த துணியை எடுக்கப் பின்கட்டுக்கு வந்தீர்கள். செத்த நேரம் நின்று பார்த்தீர்கள்.

"உப்புத்தண்ணியில ஊறப்போட்டியா?"

"இது எந்தக் காலத்துச் சேல. சாயம் எல்லாம் எப்பவோ போயிருக்கும்க்கா."

"நம்ம மாமியா அத ஒரு நாளும் கட்டல. தண்ணியே படல. செவப்ப நம்பாதத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. சிவப்பு இல்லாவிட்டால் அந்தப் போர்வையில் என்ன இருக்கிறது? என்னைக் கலைக்கப் பார்க்கிறீர்கள் என்று தோன்றியது. அன்றைக்குப் பிறகு பின்கட்டில் உட்கார்ந்து தைப்பதை விட்டேன். முடிகிறவரை அறைக்குள்ளேயே தைத்தேன். முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிறகு ஓசூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனபோது சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, "மாடிக்கு மட்டும் குடுத்துறாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நான் திரும்பி வந்த சில வாரங்களில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். போர்வையைப் பிரித்துப் பார்க்கிற மனநிலை அப்போது எனக்கு இல்லை. இந்த வருஷத்துப் போட்டிக்குத் தேதி வந்த பிறகுதான் வெளியே எடுத்தேன்.

சூடான பெட்டி நடுச்சதுரத்தின் மேல் ஏறியதும் தைல வாசனை எழுந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லை என்று தெரியும். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் எதையும் ஒரேயடியாக நம்பிவிடக் கூடாது என்பது என் பழக்கம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துணியைப் பார்த்தேன். சதுரத்தைச் சுற்றியிருந்த ஹெம்மிங் தையல் நாலு பக்கமும் இடதுபுறம் சாய்ந்திருந்தது. என் தையல் வலதுபுறம் சாயும். இந்த வீட்டில் இடது கையால் ஊசி பிடித்த ஆள் ஒருவர்தான். மாமியார் எவ்வளவோ சொல்லியும் சோற்றுக்கு மட்டும் கையை மாற்றிக்கொண்டவர், ஊசிக்கு மாற்றாதவர்.

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? ஏதோ வைத்துத் தைத்துவிட்டீர்கள் என்றுதான். எலுமிச்சம்பழம், தகடு என்று மனம் எங்கெங்கோ போனது. சதுரத்தை அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்படியானால் அடுத்த சந்தேகம் வந்தது. நான் தனியாள் பிரிவில் போட முடியாதபடி உங்கள் கையை இதில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். போகிற போக்கிலும் என் பெயரில் பாதியை எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், திண்டுக்கல் பூட்டே போட்டிருந்தாலும் உங்களைத் தடுத்திருக்காது என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பீரோவ யாரு தொறந்தா?"

"நாந்தேன். மழையில பின்சொவரு ஓதம் அடிச்சுருச்சு. துணியெல்லாம் நனஞ்சு போச்சுன்னு வெளிய எடுத்துப் போட்டேன்."

"அக்கா பாத்தாகளா?"

பேப்பரை மடித்து வைத்தார். "மதினி அந்தப் போர்வைய மட்டும் கையில எடுத்துப் பாத்தாக. அப்பறம் நாலஞ்சு நாளு மத்தியானம் வந்து இங்கன உக்காந்து தச்சாக. ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

"நீங்களும் சொல்லாம இருந்துட்டீகளா?"

"சொன்னா ரெண்டு பேரும் சண்ட போடுவீக. எனக்குல்ல சோத்துக்கு வெஞ்சனம் இல்லாமப் போகும்."

பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்கள் தையலைப் பிரித்துவிட்டு என் கையால் தைத்துவிட்டால் போர்வை மறுபடி முழுக்க என்னுடையது. யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு சாண் அளவு பிரித்ததும் சிவப்பின் ஓரம் எழும்பியது. அதற்கு அடியில் வெள்ளைத்துணியில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கறை. சாயம் இறங்கிய கறை. அதை மறைக்கத்தான் சிவப்பை நான் வெட்டியதைவிட ஒரு விரல் அகலம் கூட்டி வைத்திருக்கிறீர்கள். வேறு சிவப்பை.

உடனே நம்பிவிடவில்லை. கைக்குட்டையை நனைத்து நடுச்சதுரத்தில் அழுத்தித் தேய்த்தேன். வெள்ளையாகவே வந்தது. தையல் பையில் கிடந்த என் அச்சுச் சேலையின் வெட்டுத்துண்டில் தேய்த்தேன். கைக்குட்டை சிவந்துவிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் புள்ளிகளைப் பார்த்தேன். ஒன்று சிறியது, ஒன்று பெரியது, ஒவ்வொன்றின் நடுவிலும் முடிச்சுக்குள் மாட்டிய ஒரு துளி சிவப்பு. அச்சில் அந்தத் துளி விழாது.

அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. சின்னாளபட்டியில் உங்கள் தம்பி வீட்டில் இப்படித் துண்டு எத்தனையோ கிடக்கும், அதில் ஒன்றாக இருக்கலாம். மாடிக்குப் போனேன். உங்கள் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தையின் சிவப்புச் சுங்குடியைக் கொஞ்சம் காட்டு என்றேன்.

"அது ஓட்டயாக் கெடக்கு சித்தி. முந்தானையில எலி கடிச்சுருச்சுன்னு அத்த சொன்னாக" என்று எடுத்து வந்தாள்.

விரித்தோம். முந்தானையின் நல்ல இடத்தில், புள்ளி அடர்ந்திருக்கும் இடத்தில், கத்தரியால் வெட்டிய ஒரு சதுரம் காணோம்.

"எலி சதுரமாவா கடிக்கும்?" என்றேன்.

"நானும் அதத்தேன் கேட்டேன். ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம், நீயும் ஒங்க சித்தி மாதிரியே வந்துட்டன்னு ஏசினாக."

அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன சித்தி, என்ன சித்தி என்று கேட்டாள். முழங்கால் வலி என்றேன். உங்கள் தைலத்தை எடுத்து வந்து நீட்டினாள், பாவம்.

பிறகு இரண்டு நாள் நான் எதுவும் செய்யவில்லை. போர்வை மேஜையில் கிடந்தது. தனியாள் பிரிவில் போட்டால் என் பெயர் மட்டும். உங்கள் தையலை அப்படியே விட்டுவிட்டுப் போட்டால் பொய். பிரித்துவிட்டுப் போட்டால் அது பொய் இல்லை, ஆனால் பிளேடை எடுத்தால் கை ஓடவில்லை. நீங்கள் முழங்காலை மடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து, நான் எப்போது வந்து நிற்பேனோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே தைத்த தையல் அது. தையலில் ஒரு இடம்கூடக் கோணல் இல்லை. அதற்காகவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கடைசியில், நான் பிரித்துவிட்ட ஒரு சாணை மட்டும் என் கையால் தைத்து மூடினேன். அந்த இடத்தில் தையல் வலப்பக்கம் சாய்ந்து, பிறகு இடப்பக்கம் திரும்பும். பார்க்கத் தெரிந்தவர் யாரும் தவறவிட மாட்டார்கள்.

இன்று மதுரையில் மேஜையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தாள். இருவர் பிரிவு என்றேன்.

"இன்னொருத்தங்க வரலையா ஆன்ட்டி?"

"அவுக தவறிட்டாக."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப தனியாள்லயே போட்ருங்களேன். இருவர்ல இந்தத் தடவ கூட்டம் ஜாஸ்தி. தனியாள்னா உங்களுக்குத்தான் சான்ஸ். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கேட்காமலேயே இவ்வளவு நல்லது சொல்கிறாளே, இவளுக்கு இதில் என்ன ஆதாயம் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை. என் ஆசை ஒரு நிமிஷம் தலை தூக்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையில் ஒற்றைப் பெயராக என் பெயர் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"வேணாம்மா. ரெண்டு பேரு பேரும் போடு" என்று உங்கள் பெயரைச் சொன்னேன். முதலில் உங்கள் பெயரைத்தான் சொன்னேன். வாயில் அப்படித்தான் வந்தது.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்? அக்காவா?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். எனக்கு ஓரகத்தி."

அவள் சிரித்துவிட்டாள். "ஓரகத்திங்க ரெண்டு பேரு சேர்ந்து ஒரு போர்வை தச்சீங்களா? நம்ப முடியலையே!"

"நானும்தேன் நம்பலம்மா" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல் சீட் கிடைத்ததால் திண்டுக்கல் வரும்வரை முகத்தை வெளிப்பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன்.

பரிசு கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தால் யாரையும் முழுதாக நம்ப மாட்டேன், கிடைக்காவிட்டால் நிச்சயம் நம்ப மாட்டேன். அது இருக்கட்டும். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். நான் ஓசூரிலிருந்து வந்து இறங்கியதும் மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். உன் சிவப்பு ஓடிவிட்டது, என்னுடையதை வெட்டி வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். என் பீரோவில் உங்களுக்கு என்ன வேலை என்று தெரு கேட்கக் கத்தியிருப்பேன். நீங்களும் விட்டிருக்க மாட்டீர்கள், சேலை பிரித்த நாளிலிருந்து எல்லாமே வெளியே வந்திருக்கும். பேச்சு வார்த்தை இல்லாமல் பத்து நாள் போயிருக்கும். பதினோராம் நாள் நம்மில் யாராவது ஒருத்தி கிண்ணத்தில் குழம்பு கொண்டுபோயிருப்பாள். அந்தச் சண்டையை எனக்குக் கொடுக்காமல் போய்விட்டீர்கள், அக்கா. உங்களுக்குச் சொல்ல வேண்டிய அத்தனை வசவும் என் வாயிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.