ஒரே தொட்டியில் மூன்று செடிகள்

மார்ச் 4
பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு இன்றுதான் லேபுக்குப் போனேன். ரத்த மாதிரி எடுத்த குழாய்களில் பெயர் ஒட்டும் வேலை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு தொட்டி கொடுத்தார்கள். அதில் மூன்று செடிகள்: ஒரு பரட்டைத்தலை, ஒரு வாள், ஒரு முள் உருண்டை. "மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார் சூப்பர்வைசர் அக்கா. வீட்டில் இவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 8
செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வாரம் ஒரு தடவை போதுமாம். இவர் திரும்பிப் பார்க்கமாட்டார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே தொட்டிலை யாருக்கோ தூக்கிக் கொடுத்தவர். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லுளிமங்கன்.

மார்ச் 15
முள் உருண்டையின் அடி கொழகொழவென்று இருக்கிறது. வாள் மஞ்சளாகிவிட்டது. என் கையில் எதுவுமே தங்காதா? அம்மா போனில், "செடிதானேடி, போனா போவுது" என்றாள். அன்றைக்கும் இப்படித்தானே சொன்னார்கள், அடுத்தது பிறக்கும் என்று.

மார்ச் 16
எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 18
தொட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரம்மா மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.
"பரட்டையா இருக்கே, இது பெரணி. ஈரம் கேக்கும். இது பாம்புக் கற்றாழை, அது கள்ளி. ரெண்டும் காஞ்சு கெடக்கணும். மூணையும் எவன் ஒண்ணா வச்சான்? தெனம் ஊத்துறீங்களா?"
"வாரத்துக்கு ஒரு தடவைதான்."
"பொய் சொல்லாதீங்கம்மா. மண்ணு சேறா கெடக்கு."
நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. தனித்தனித் தொட்டியில் வைத்துக் கொடுத்தார். கள்ளி பிழைப்பது சந்தேகம்தானாம்.

மார்ச் 19
சாவியை மறந்து பாதி வழியில் திரும்பினேன். ஜன்னலோரம் இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று தொட்டிக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறார். தோள் குலுங்குகிறது, சத்தமே இல்லை.
"நீங்களா?"
"நீ இதக் கண்டுக்கவே இல்லன்னு நெனச்சேன். இதுவும் போயிடுமோன்னு... நீ கெளம்பினதும் தெனம் ஊத்துவேன்."
நான் ஊற்றியது இவருக்குத் தெரியாது. இவர் ஊற்றியது எனக்கு— ஐயோ, ரெண்டு பேருமா சேந்து செடிய அழுக வச்சிருக்கோம்.

மார்ச் 24
கள்ளி செத்துவிட்டது. பெரிய சண்டை. தொட்டிலை ஏன் என்னைக் கேட்காமல் கொடுத்தீர்கள் என்றேன். "நீ பாத்தா தாங்கமாட்டியேன்னு" என்றார். நான் அதைப் பார்க்கத்தான் ஏங்கினேன், அது அவருக்குத் தெரியவில்லை. இருவரும் சாப்பிடவில்லை.

மார்ச் 30
காலையில் இவர் கேட்டார்: "பெரணிக்கு நீ ஊத்திட்டியா, நான் ஊத்தட்டா?"
"நீங்க ஊத்துங்க."
ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார். பிறகு, போய்விட்ட மகளுக்காக நாங்கள் இருவர் மட்டும் பேசி வைத்திருந்த பெயரை மெதுவாகச் சொன்னார். இந்த வீட்டில் அதை இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.