பெண்ணின் அப்பா ஆட வருகிறார்

10 ஜூன் 2007, ஞாயிறு
காலை முழுக்க கமோடோர் கம்ப்யூட்டரின் கீபோர்டைக் கழற்றித் துடைத்தேன். இந்த வேலைக்குப் பனியன் வேஸ்ட் மாதிரி தோதான துணி கிடையாது. எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பனியன் வாங்கும் ஜெர்மனி பையரின் ஆபீஸ்காரர் ஒருவர், தன் வீட்டுப் பரணில் கிடந்தது என்று சாம்பிள் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்த கம்ப்யூட்டர். இருபது வருடத்துக்கு மேல் பழசு. டிவியில் மாட்டி, கேசட்டை ஓட்டி, ஆட்டம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் எனக்குப் பிடிக்கும். இதோடு மாடி அறையில் மேஜை, பெஞ்சு எல்லாம் பழைய வீடியோ கேம் பெட்டிகளால் நிறைந்துவிட்டது.

அம்மா எட்டிப்பார்த்தாள். "வார ஞாயித்துக்கெழம நல்லூர்ல இருந்து பொண்ணு ஊட்டுக்காரங்க நம்ம ஊடு பாக்க வர்றாங்க கண்ணு. இந்த ரூமை மட்டும் காட்டாத."

17 ஜூன், ஞாயிறு
காட்டும்படி ஆகிவிட்டது. பெண்ணின் அத்தை ஒருத்தர் மொட்டைமாடி பார்க்கிறேன் என்று ஏறி, கதவைத் தள்ளிவிட்டார். "ரிப்பேர் கடைங்களா?" இல்லீங்க, விளையாடுவேன் என்றேன். அவர் விறுவிறுவென்று இறங்கிவிட்டார். கீழே போய்ப் பேசியிருப்பார்.

பெண்ணின் அப்பா ரத்தினசாமி மட்டும் மேலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்லூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட், மூலனூரில் தோட்டம், வெள்ளை வேட்டி சட்டை. "இதுல என்ன பண்ணோணுங்க தம்பி?"

மண்ணைத் தோண்டி வைரம் பொறுக்கும் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். தோண்டும் இடத்தில் பாறை சரியும். நசுங்காமல் குகை குகையாகத் தாண்டி வெளியேற வேண்டும். மனுஷன் நசுங்கிக்கொண்டே இருந்தார். "எங்க தோட்டத்துல கெணறு வெட்டுனப்பக்கூட இந்தப் பாடு படலீங்க!" பலகாரம் சாப்பிட அவர் மனைவி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்.

20 ஜூன், புதன்
பெண் வேண்டாம் என்றுவிட்டாள். தேஜஸ்ரீ. கோவிலில் வைத்து ஒருமுறை பார்த்ததோடு சரி. புரோக்கர் போனில் சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்பறமும் வெளையாடிட்டேதான் இருப்பாரான்னு கேட்டுச்சாமுங்க."

நியாயமான கேள்வி. ஆமாம், இருப்பேன்.

22 ஜூன், வெள்ளி
அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. இதுவரை தட்டிப்போன சம்பந்தத்துக்கெல்லாம் ஜாதகம், வயசு, நிறம் என்று காரணம் இருந்தது. இந்தத் தடவை என் அறைதான் காரணம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்களே.

"உங்கப்பா போனதுக்கப்பறம் எனக்குன்னு என்ன கேட்டேன் சாமி?" என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

அம்மா போனதும் யோசித்தேன், அப்படி என்னதான் இருக்குது அந்தப் பொட்டிகள்ல? எனக்கே தெரியல. ஆபீஸில் நாள் முழுக்க ஷிப்மென்ட் தேதி, கலர் அப்ரூவல், ஃபோன். இங்கே வந்து உட்கார்ந்தால் மனசு கொஞ்சம் லேசாகுது. அதுக்குப் பேர் என்னன்னு யாருகிட்ட சொல்லறது?

பழைய சாமான் எடுப்பவரை ஞாயிறு வரச் சொல்லிவிட்டேன்.

24 ஜூன், ஞாயிறு
எல்லாவற்றையும் ஒயர் சுற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெல் அடித்தது. போய்த் திறந்தால் ரத்தினசாமி. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு "வாங்க" என்றாள்.

"பொண்ணு மாட்டேன்னுட்டாளுங்க. அவ மனசு, நாம என்னங்க பண்றது. ஆனா... நான் மட்டும் வரலாமுங்களா? அந்த ரெண்டாவது கொகை கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முருங்கைக்காயைப் பார்த்தேன். பிறகு மேலே போய் ஒயரை அவிழ்த்தோம். பழைய சாமான்காரர் வந்தபோது பேப்பர் கட்டும் உடைந்த பக்கெட்டும் எடுத்துப் போனார்.

15 ஜூலை, ஞாயிறு
மூன்றாவது குகை. நானும் தாண்டியதில்லை, அவரும் தாண்டவில்லை.

12 ஆகஸ்ட், ஞாயிறு
அம்மா நேற்றே ஆரம்பித்தாள். "சம்பந்தம் ஆவாத ஊட்டு ஆளு வாராவாரம் வந்துட்டுப் போனா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

இன்று அவரிடம் சுற்றிவளைத்துச் சொல்லப் பார்த்தேன். அவர் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தார். "நான் வர்றது சங்கடமுங்களா தம்பி?" முகம் சின்னதாகிவிட்டது. பன்னெண்டு வயசில் மில்லுக்கு வேலைக்குப் போனவர். பம்பரம்கூட விட்டதில்லை என்று போன வாரம்தான் சொன்னார். இவரிடம் எப்படி வராதீர்கள் என்பேன்?

காப்பியோடு வந்த அம்மா கதவருகில் நின்று கேட்டிருக்கிறாள். "சங்கடமென்னங்க. அதைய விடுங்க, மேல பாறை தொங்குது, மொதல்ல அக்கட்ட போங்க" என்றாள்.

இவள் எப்போதிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

7 அக்டோபர், ஞாயிறு
வரவில்லை. கண்ணில் புரை ஆபரேஷன். நான் தனியாக ஆடினேன், சுவாரஸ்யமில்லை.

4 நவம்பர், ஞாயிறு
ரத்தினசாமி கருப்புக் கண்ணாடியோடு ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஓட்டிவந்தது அவருடைய தங்கை மகள் கோமளா, செக்கிங் யூனிட்டில் சூப்பர்வைசர். வெளியிலேயே நிற்கிறேன் என்றவளை அம்மா விடவில்லை.

டிவி பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு இவர் பக்கத்திலிருந்து உத்தரவு போட்டார். "எடது பக்கம் போ கண்ணு! எடது பக்கம்!"

"மாமா, செத்த சும்மா இருங்க."

வலது பக்கம் போனாள். பாறையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியவிட்டு, அதையே பாதையாக்கி ஏறி வெளியே வந்தாள். மூன்றாவது குகை முடிந்தது! நான் எழுந்தே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்து, "ஏனுங்க, இதுக்கு அடுத்தது இல்லீங்களா?" என்றாள்.

25 நவம்பர், ஞாயிறு
ரத்தினசாமிக்குக் கண் சரியாகிவிட்டது. வண்டி ஓட்டலாமாம். இன்றும் கோமளாதான் ஓட்டிவந்தாள்.

27 ஜனவரி 2008, ஞாயிறு
மூலனூரில் தேஜஸ்ரீ கல்யாணம். போகலாமா என்று அம்மாவுக்குத் தயக்கம். போனோம். ரத்தினசாமி ஓடிவந்து கையைப் பிடித்து, வந்தவர்களிடமெல்லாம் "நம்ம கூட்டாளிங்க" என்றார். முப்பத்திமூன்று வயசுக்காரனை அறுபதை நெருங்குகிறவர் கூட்டாளி என்கிறார், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மேடையில் பெண் சிரித்தாள். "எங்கப்பா ஞாயித்துக்கெழமன்னா காத்தாலயே குளிச்சுப்போட்டு உக்காந்துக்கறாருங்க."

பந்தியில் ரத்தினசாமி என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நம்ம கோமளாவுக்கு உங்க சாதகம் கேக்கலாமுங்களா?"

இலையைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பொண்ணு என்னங்க நினைக்குது என்றேன்.

"அவதானுங்க கேக்கச் சொன்னா."

ரசம் ஊற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது இலையைத் தாண்டி ஓடிய பிறகுதான் கவனித்தேன்.

12 அக்டோபர், ஞாயிறு
கோமளாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி இது நான்காவது மாதம். சமையலை அம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றதும் கோமளா மேலே வந்துவிட்டாள். ரத்தினசாமி மாமா அதற்கு முன்பே வந்து நாற்காலியைப் பிடித்திருந்தார். அவருக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு அவள்.

இதுவரை நாங்கள் யாரும் கண்ணால் பார்க்காத குகை வரை போய்விட்டாள். மாமா மூச்சே விடவில்லை. அப்போது கரண்ட் போனது. டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. இந்த மெஷின் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. இனி கேசட்டை ஓட்டி முதல் குகையிலிருந்துதான். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். தெருவில் தறி ஓடும் சத்தமெல்லாம் நின்று, அம்மா கீழே தாளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குத்தான் அவளைவிட வருத்தம். "அத்தனையும் போச்சே" என்றேன்.

கோமளா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து திரும்பவும் உட்கார்ந்தாள்.

"கரண்ட் வரட்டுங்க, மறுக்காப் போடுங்க. நான் எங்கீங்க போகப்போறேன்?"