சுவடர்களுக்கு அரசன் இல்லை

என் அக்காவுக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இந்த வாரத்தில் மட்டும் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மூன்று முறை காரோட்டிப் போய்த் திரும்பிவிட்டேன். வீட்டில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் மேசைமேல் கிடக்கும் உன் நாவல் கண்ணில் படுகிறது.

ஆமாம், அச்சாகிவிட்டது. அட்டையில் உன் பெயர் பெரிதாக இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் நீ எழுதியதல்ல.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். கேரி தீவுத் தோட்டத்து மருந்தகத்தில் உதவியாளராக இருந்தாய். சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களுக்கு நடுவே மாடுகள் தம் போக்கில் போகும். ஆட்கள் பின்னால் போவார்கள். "இவங்க எங்கடா மேய்க்கிறாங்க? மாடுதான் இவங்கள இழுத்துட்டுப் போகுது" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்தவர்கள் உன் நாவலில் வரும் சுவடர்கள். எந்த நாட்டு வரைபடத்திலும் இல்லாதவர்கள். வாழ்நாள் முழுவதும் மந்தையின் பின்னால் நடப்பவர்கள்.

அவர்களில் எவரும் மந்தைக்கு முன்னால் நடக்கக்கூடாது. எங்கே போவது என்று மாடுகள்தாம் முடிவுசெய்யும். ஆகவே அவர்களுக்குத் தலைவனும் தேவைப்படவில்லை. சண்டை போட்ட இருவர் ஒரே கூடாரக் கம்பின் இரு முனைகளைத் தோளில் வைத்து ஒரு பகல் முழுவதும் நடக்க வேண்டும். ஒருவன் கோபத்தில் வேகமாகப் போனால் இருவரும் விழுவார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அக்கா. நீ இருந்தபோதே ஏன் சிரிக்கவில்லை?

அவர்களுடைய பெரிய வழக்கம் வேறொன்று. நடக்க முடியாமல் ஒருவர் விழுந்தால் கூட்டம் முழுவதும் நிற்கும். மந்தை போனாலும் நிற்கும். அப்படிக் காத்திருந்ததால் இழந்ததைப் பிறகு எவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. உன் கடைசி அத்தியாயத்தில் செங்கா என்ற பெண் காய்ச்சலில் விழுகிறாள். மந்தை ஆற்றைக் கடக்கிறது, வெள்ளம் வருகிறது, மழை தடங்களை அழிக்கிறது. எல்லாம் போயிற்று. செங்கா எழுந்து நிற்கிறாள்; ஒருவர்கூட அக்கரையைப் பார்க்கவில்லை. அத்தோடு முடித்திருந்தாய்.

அச்சான நூலில் சுவடர்களுக்கு ஓர் அரசன் வந்திருக்கிறான். வாள் வைத்திருக்கிறான். செங்காவை விட்டுவிட்டு ஆற்றைக் கடக்கும்படி ஆணையிடுகிறான். அவளோ கைகூப்பி வாழ்த்தி உயிர்விட்டு, குலதெய்வமாகிறாள். கடைசிப் பக்கத்தில் அவளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

நூலை வெளியிடும் மன்றத்தின் தலைவரைப் பிரிக்ஃபீல்ட்ஸில் அவருடைய அலுவலகத்திலேயே பார்த்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர் என்று பெயர்.

"தலைவனே இல்லாத கூட்டத்த யாரு சார் படிப்பா? ஃபுட்பால் டீமுக்கே கேப்டன் இருக்கான் லா."

"என் அக்கா வேண்டுமென்றேதான் அரசனை வைக்கவில்லை."

"பாவம், அவங்களுக்கு அனுபவம் பத்தல. நாங்க மரியாதையாத்தான் செஞ்சோம். அந்தப் பொண்ண தெய்வமாக்கியிருக்கோம், பாத்தீங்களா?"

"அவள் சாகவே இல்லை."

"செத்தாத்தான சார் மனசுல நிக்கும்!" பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து நான் கொடுத்திருந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து என் முன்னே வைத்தார். "'தேவையான திருத்தங்களுடன்'னு கையெழுத்து போட்டது நீங்கதான். அக்கா எழுதினத நீங்க அப்ப படிச்சீங்களா, சொல்லுங்க?"

படிக்கவில்லை. நீ உன் கையால் எழுதிய படியை என்னிடம் தந்து, "டைம் இருக்கும்போது பாருடா" என்றாய். இரண்டு ஆண்டுகள் என் அலமாரியில் இருந்தது. நீ போனபின் ஒரு நகலெடுத்து, பிரித்தும் பாராமல் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டேன். மூலத்தை முழுவதுமாகப் படித்தது, அச்சான நூல் கைக்கு வந்தபிறகு, சென்ற வாரம்தான்.

அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அவர் பதறிப்போனார். "ஞாயித்துக்கிழமை வெளியீடு சார்! ஹால் புக் பண்ணியாச்சு, எரநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சு!" சாப்பாடு நடக்கட்டும், நூல் வெளியே போகக்கூடாது என்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் சமாதானம் பேசியிருப்பார்.

அவர்மேல் இருக்கும் கோபம் எளிது. அதை வைத்துக்கொண்டு தூங்கிவிடலாம். தூங்கவிடாதது வேறு. தாதியர் பயிற்சிக்கு உனக்கு இடம் கிடைத்த ஆண்டுதான் அப்பா படுக்கையில் விழுந்தார். நீ நின்றாய். நான் பல்கலைக்கழகம் போனேன். என்னை நிற்கச் சொல்ல வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைசி அத்தியாயத்தை எழுதும்போது என்னை நினைத்தாயா? கேட்டிருந்தால், "சே, கதைடா" என்றுதான் சொல்லியிருப்பாய்.

உன் இறுதிச் சடங்கில் நான் பேசினேன். "என் அக்கா மனுஷி இல்லை, தெய்வம்" என்றேன். எல்லாரும் அழுதார்கள். செங்காவைத் தெய்வமாக்கிய மன்றத்துக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் ஏறுவேன். உன் இறுதிச் சடங்கில் சொன்னதைத் திரும்பப் பெறுவேன்: என் அக்காவுக்குப் படிக்க ஆசை இருந்தது, நாங்கள் அவளை விட்டுவிட்டுப் போனோம் என்று சொல்வேன். பிறகு உன் கடைசி அத்தியாயத்தை நீ எழுதியபடியே வாசிப்பேன். மைக்கை அணைத்தாலும், கூட்டம் சாப்பிட எழுந்து போனாலும், செங்கா எழுந்து நிற்கும்வரை வாசிப்பேன்.

இப்படிக்கு,
உனக்காக நிற்காத உன் தம்பி