கல்லில் அடித்துத் துவைத்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

பனிமலையில் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ள நீ வாங்கி வைத்திருந்த ஸ்லீப்பிங் பேக்கை, நீ மலையேறக் கிளம்புமுன் உனக்குத் தெரியாமல் துவைத்துவிட்டேன். கடைச் சரக்கைத் துவைக்காமல் உடம்பில் போடுவது நம் வீட்டில் வழக்கமில்லையே. சோடா உப்பில் ஊறவைத்து, கல்லில் நன்றாக அடித்தேன். முன்பு முட்டிபோட்டு அமுக்கினாலும் உறைக்குள் போகாதது, காய்ந்தபின் சமர்த்தாகப் போனது. எட்டாவது படித்தவன் மூளையைப் பார் என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

நேற்று சிதம்பரத்தில் உன் தோழி இலக்கியாவிடமும் பீற்றினேன். அவள் சிரிக்கவில்லை. “ஐயோ அங்கிள், உள்ள இருக்கறது வாத்து இறகு. கட்டி கட்டியா ஆயிட்டா குளிரே தாங்காது. மேல மைனஸ் பதினஞ்சு!” என்றாள்.

அப்போதிலிருந்து உனக்குப் போன் போகவில்லை. டவர் இல்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இலக்கியா இன்று அங்கே, மலையடிவாரத்துக்குக் கிளம்புகிறாள். வேறு பேக்கும் இக்கடிதமும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

“நான் போறதுக்குள்ள அவ மேல ஏறியிருப்பா அங்கிள்.”

“இருந்தாலும் எடுத்துட்டுப் போம்மா” என்றேன்.

இறங்கி வந்ததும் என்னைத் திட்டு. அம்மா எதிரிலேயே திட்டு. இந்த ஒரு தடவை எதிர்த்துப் பேசமாட்டேன்.

உன் அப்பா,
மஞ்சக்குப்பம்.